பட மறைப்பு

பட மறைப்பு அல்லது மாஸ்க் என்பது ஒளிப்படத்தில் செய்யும் திருத்தம் எந்தப் பகுதியில் தெரிய வேண்டும், எங்கே தெரியக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் கறுப்பு வெள்ளைப் படமாகும். ஃபோட்டோஷாப், கிம்ப் முதலிய மென்பொருள்களில் இவ்வசதி உள்ளது.

சூரியனை முதுகுப்பக்கம் வைத்து நிற்பவரைப் படமெடுத்தால் முகம் இருண்டுவிடும். முழுப் படத்தையும் வெளிச்சமாக்கினால் முகம் தெளியும். ஆனால் வானம் வெளுத்து மேகங்கள் மறையும். இதற்குப் படத்தின் நகலை மேலடுக்காக வைத்து, அதில் வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பு மறைப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்போது மேலடுக்கு முழுவதும் மறையும். பின்னர் மறைப்பில் முகம் உள்ள இடத்தை மட்டும் வெள்ளைத் தூரிகையால் தீட்டினால் அங்கு மட்டும் வெளிச்சம் கூடும். சாம்பல் நிறம் திருத்தத்தை ஓரளவு காட்டும். 8 பிட் மறைப்பில் கறுப்பின் மதிப்பு 0, வெள்ளையின் மதிப்பு 255. தூரிகையின் விளிம்பு மென்மையாக இருந்தால் திருத்திய எல்லை கண்ணுக்குத் தெரியாது.

அழிப்பானால் அழித்த பகுதி, கோப்பைச் சேமித்து மூடியபின் திரும்பாது. மறைப்பில் மூலப்படம் அப்படியே இருக்கும். அதிகமாகத் தீட்டிய இடத்தைக் கறுப்பால் தீட்டிச் சரிசெய்யலாம். இதற்குக் கோப்பை பி.எஸ்.டி. அல்லது எக்ஸ்.சி.எஃப். வடிவில் சேமிப்பது அவசியம். ஜேபெக் வடிவில் அடுக்குகளும் மறைப்பும் தனித்தனியே நிலைக்காது.