அமிழும் பிரேக் பெடல்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் எங்கள் மாமா தமது மொறிஸ் மைனர் காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தினார். பெருநாளன்று கொழும்பிலிருந்து கண்டிக்குக் குடும்பத்தோடு செல்வதாக ஏற்பாடு. கராஜிலிருந்து கார் வீடு திரும்பிய மாலையில் பெடலை மிதித்துப் பார்த்தவரின் முகம் மாறிற்று. பழைய ட்ரம் பிரேக்கில் பாதி மிதியிலேயே உறுதியாக நின்ற பெடல், இப்போது பஞ்சுப் பொதியை மிதித்தாற்போல் அமிழ்ந்தது. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தால் மட்டுமே இறுகிற்று. புதிய சாமான்தானே, இரண்டு நாள் ஓடினால் சரியாகிவிடும் என்று கராஜில் சொல்லியனுப்பினார்களாம்.

"நிற்கத்தானே செய்கிறது? மெதுவாகப் போனால் போதாதா?" என்று மாமி கேட்டார். பிள்ளைகளும் அவர் பக்கமே நின்றனர். மாமா இணங்கவில்லை.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் அறிமுகமான கார். அதன் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளும் ஒரே குழாய்த் தொகுதியில் இணைந்தவை. இக்காலக் கார்களில் இரண்டு தொகுதிகள் உண்டு. ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று ஓரளவு காப்பாற்றும். மைனரில் ஓரிடத்தில் பிழைத்தாலும் எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. கண்டியிலிருந்து திரும்பும் வழியிலோ கடுகண்ணாவை இறக்கம் இருக்கிறது.

பெடல் ஏன் அமிழ்கிறது? பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒயில் குழாய்களின் வழியே சக்கரங்களை நோக்கித் தள்ளப்படுகிறது. திரவம் எளிதில் சுருங்காது. ஆதலால் கால் கொடுக்கும் அழுத்தம் சிதறாமல் போய்ச் சேர்கிறது. காற்றோ சுருங்கும். குழாயினுள் ஒரு குமிழி அகப்பட்டாலும், நம் மிதியின் ஒரு பகுதி அக்குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிவிடுகிறது. விரைந்து பலமுறை மிதித்தால் மேலதிக ஒயில் உள்ளே சென்று சற்று இறுகும். இந்த இறுக்கத்தை நம்பி ஓட்டிப் பழகிவிடுகிறவர்கள் பலர். திடீரென ஒரு குழந்தை வீதியில் குறுக்கிட்டால் மூன்று முறை மிதிக்க அவகாசம் ஏது?

கராஜில் சொன்னதில் சிறிதளவு உண்மையும் உண்டு. புதிய பிரேக் பேட்கள் தட்டோடு முழுமையாகப் பொருந்தச் சற்றுத் தூரம் ஓட வேண்டும்; அதுவரை பெடலில் இலேசான மென்மை தெரியலாம். ஆனால், அடித்து அடித்து மிதித்தால் மட்டும் இறுகும் பெடல் ஓட ஓடச் சீராவதில்லை.

மறுநாள் நானும் மாமாவும் காற்றை வெளியேற்ற முனைந்தோம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தின் நிப்பிளைச் சிறிது தளர்த்தி, ஒயிலும் குமிழிகளும் கண்ணாடிபோன்ற குழாய் வழியே ஒரு போத்தலில் இறங்கியதும் மூடிவிட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முந்தினால் வெளிக்காற்று உள்ளே போகும். பெடலை அடிவரை மிதிக்கவும் கூடாது. பழைய சிலிண்டரின் உட்புறத்தில், வழக்கமான ஓட்டத்துக்கு அப்பாலுள்ள பகுதி துருவேறியிருக்கும். றப்பர் வளையம் அதில் உரசிக் கிழியும். பெடலின் கீழே ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டோம். மைனரின் ஒயில் கிண்ணம் ஓட்டுநரின் காலடியில், தரை விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதை நிரப்ப மறந்தால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

மூன்று முறை செய்தோம். பெடல் மசியவில்லை.

பிறகு றப்பர் குழாய்களை அதற்கென உள்ள கவ்வியால் ஒவ்வொன்றாக மெல்ல இறுக்கி மிதித்துப் பார்த்தோம். (வெறும் குறடு குழாயைப் புண்ணாக்கிவிடும்.) எந்தக் குழாயை அடைத்ததும் பெடல் இறுகுகிறதோ, பழுது அதற்கு அப்பால் இருக்கிறது. பின் குழாயை அடைத்தபோது மாற்றமில்லை. முன்னிரண்டையும் அடைத்தபோது பெடல் கல்லாயிற்று. ஆகவே மாஸ்டர் சிலிண்டரில் குறையில்லை.

முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்த மாமா சிரித்துவிட்டார். கலிபர்கள் இடம் மாறியிருந்தன. இடப்பக்கத்தது வலத்திலும் வலப்பக்கத்தது இடத்திலும் பூட்டப்பட்டிருந்தன. அதனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே வந்துவிட்டது. காற்றோ மேலே தங்குவது. எத்தனை முறை திறந்தாலும் ஒயில்தான் வெளியேறும். குமிழி உச்சியில் நிம்மதியாகக் குடியிருக்கும். மாற்றிப் பூட்டினாலும் கலிபர் வாகாகப் பொருந்திவிடுவதால் இப்பிழை கண்ணில் படுவதில்லை. பிரேக் மாற்றிய கார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

வேறு காரணங்களும் உண்டு. பழைய றப்பர் குழாய் மிதிக்கும்போதெல்லாம் உப்பினால், காற்றே இல்லாமலும் பெடல் மெத்தென்றிருக்கும். பின் ட்ரம்மின் ஷூக்கள் தளர்ந்திருந்தால் பெடல் நெடுந்தூரம் இறங்கும். மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கேனும் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் தேய்வு. அக்காரை வீதியில் எடுக்கவே கூடாது. கலிபரின் பிஸ்டன் பெரிதானாலும் மிதி நீளும். விட்டம் 48 மில்லிமீற்றரிலிருந்து 54 ஆனால் அதன் பரப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுகிறது. அவ்வளவு மிகுதியான ஒயிலைப் பழைய சிலிண்டரே தள்ளியாக வேண்டும்.

மைனருக்கே உரிய இன்னொன்று. ட்ரம்முக்கென அமைந்த அதன் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறு வால்வு, குழாயில் எப்போதும் சற்று அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிஸ்க்கில் பேட்டைப் பின்னுக்கு இழுக்கும் வலுவான ஸ்பிரிங் இல்லாததால், அவ்வழுத்தம் பேட்டைத் தட்டோடு உரசச் செய்யும். உரசல் சூட்டையும், சூடு ஒயிலின் கொதிப்பையும் உண்டாக்கும். கொதித்து ஆவியான ஒயிலும் காற்றைப் போலவே சுருங்கும். டாட் 4 வகை ஒயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை தாங்கும்; ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். திறந்து வைத்த பழைய டின்னை மாமா அன்றே ஒதுக்கிவிட்டார்.

கலிபர்களை இடம் மாற்றிப் பூட்டி, புதிய ஒயில் ஊற்றி, மீண்டும் காற்றை எடுத்தோம். வலப்பக்கத்திலிருந்து வந்த குமிழிகளைப் பார்த்து மாமியே வியந்தார். பெடல் முதல் மிதியிலேயே நின்றது. ஒருவர் விடாது மிதித்துப் பிடித்திருக்க, ஒவ்வொரு மூட்டையும் காகிதத்தால் துடைத்துக் கசிவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பின்னர் வீட்டருகே ஆளில்லாத வீதியில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்தோம்.

பெருநாளுக்கு மறுநாள்தான் கண்டிக்குப் புறப்பட்டோம். திரும்புகையில் கடுகண்ணாவை இறக்கத்தில் மாமா இரண்டாம் கியரிலேயே காரை இறக்கினார். பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.