மலையேறியவருக்குப் பதக்கம், அடிவாரத்தில் இருந்தவருக்கு?

கஜா, மிக்ஜாம் என்று புயல்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறோமே, அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் கிளெமென்ட் ராக். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அரசு வானிலையாளராக இருந்தபோது கிரேக்க எழுத்துகளில் தொடங்கி, கடைசியில் அரசியல்வாதிகளின் பெயர்களையே புயல்களுக்குச் சூட்டினார். குசும்பு பிடித்த மனிதர்.

ஆனால் அவர் பெயர் முதலில் அடிபட்டது ஸ்காட்லாந்தின் பென் நெவிஸில். பிரிட்டனிலேயே உயரமான மலை, 1,345 மீட்டர். 1881 ஜூன் 1 முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை, மழையோ சூறைக்காற்றோ, அதிகாலையிலேயே கிளம்பி உச்சிக்குப் போய்க் காற்றழுத்தமும் வெப்பமும் குறித்துவிட்டு அன்றே இறங்கினார். மறுநாளும் அதே பாடு. ஸ்காட்டிஷ் வானிலைச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

எனக்கு உறுத்துவது வேறு. உச்சியில் பாதரசம் இறங்குகிறது. புயல் நெருங்குகிறதா, அல்லது இடையிலுள்ள காற்று குளிர்ந்து இறுகிவிட்டதா? மலைமேல் நிற்பவருக்குத் தெரியாது. அதே நேரத்தில் கடல்மட்டத்தில் அழுத்தம் எவ்வளவு என்று யாராவது பார்த்திருந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். அடிவாரத்திலுள்ள ஃபோர்ட் வில்லியம் ஊரில் கடிகாரத்தைப் பார்த்து அப்படிக் குறித்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி லியோனோரா. அவர் ஒரு வேளை தவறவிட்டால் கணவர் ஏறியது கால்வலிக்குத்தான். பதக்கத்தின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரிக்குமேல் ஒதுக்குவதில்லை.

ராக் வெறும் விளம்பரப் பிரியர் என்பாரும் உண்டு. 1902-ல் வறட்சியை முறிக்கிறேன் என்று சார்லிவில் ஊரில் வானத்தை நோக்கிப் பீரங்கி வெடித்தார், மழை வரவில்லை. இருக்கட்டும். லியோனோராவைப் போலவே நம் ஊரிலும் காலை 8.30-க்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறவரை யார் கேட்கிறார்கள்? செய்தியில் மில்லிமீட்டர் மட்டும் வரும். அந்த ஆள் ஒருநாள் பார்க்காமல் விட்டால் அந்த நாளின் மழையை இனி எந்தச் செயற்கைக்கோளும் அளந்து தராது.

1883-ல் பென் நெவிஸ் உச்சியில் வானிலை நிலையமே எழுந்தது. கண்காணிப்பாளர் வேலைக்கு ராக் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். 1904-ல் பணமில்லாமல் மூடும்வரை உச்சி நிலையத்தில் இருந்தவர்கள் இரவும் பகலும் மணிக்கொரு முறை கருவிகளைப் பார்த்தார்கள். பனி வாசலை மூடிவிடும் என்று, கோபுரம் எழுப்பி அதன்வழியாக வெளியே வந்தார்கள். அடிவாரத்துக்கென்று தனி நிலையம் வந்ததோ 1890-ல்தான். லியோனோரா ஒற்றையாளாகப் பார்த்த வேலைக்கு ஒரு கட்டடம் எழும்ப ஒன்பது வருஷம்!