இரண்டு தலையணைகள்

கடந்த தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு உயிரியல் கொப்பியைக் கையில் வைத்தபடியே உறங்கிப்போனேன். தலைக்குக் கீழே இரண்டு தலையணைகள். காலையில் கழுத்தை இடப்பக்கம் திருப்பவே முடியவில்லை. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளை வாங்கக்கூட உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினேன். "சுளுக்கு" என்று உம்மா எண்ணெய் தடவிவிட்டார். ஏன் சுளுக்கியது என்பதற்கான விடை நான் பாடமாக்கிய பக்கத்திலேயே இருந்தது.

எமது கழுத்தில் 7 முள்ளந்தண்டென்புகள் உள்ளன. (ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்!) அவை சற்று முன்னோக்கி வளைந்து நிற்கின்றன. ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுள்ள தலையைப் பகல் முழுவதும் தாங்குபவை இந்த என்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும்தான். என்புகளுக்கிடையே உள்ள தட்டுகள் பகலில் நீரை இழந்து மெலிகின்றன. நாம் படுத்திருக்கும்போது அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் நாம் சிறிது உயரமாக இருப்பதும் இதனால்தான். இரவு என்பது கழுத்தின் ஓய்வு நேரம். நானோ நாடி நெஞ்சில் முட்டும்படி படுத்து, குனிந்து படிக்கும் அதே நிலையிலேயே அதை மேலும் ஆறு மணித்தியாலம் வைத்திருந்தேன்.

தலையை உயர்த்துவதற்காகத் தலையணை வைப்பதில்லை. கழுத்துக்கும் படுக்கைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பவே வைக்கிறோம். மல்லாந்து படுப்பவருக்கு அந்த இடைவெளி சிறியது. மெல்லிய தலையணை போதும். பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளின் அளவுக்கு இடைவெளி உண்டு. வலப்பக்கமாகச் சாய்ந்து உறங்கச் சிறுவயதிலேயே எம்மைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பஞ்சு அமுங்கித் தட்டையாகிப்போன தலையணையில் அப்படிப் படுத்தால் தலை கீழே சரிந்துவிடும். குப்புறப் படுப்பது இன்னும் மோசம். மூச்சுவிடுவதற்காகக் கழுத்தை இரவெல்லாம் ஒரு பக்கம் முறுக்கியே வைத்திருக்க வேண்டும்.

உங்கள் தலையணை சரியா என்று பார்க்கப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை முதுகுப்பக்கமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். தலையும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். "ராத்தா, தல கீழ போகுது" என்றாள் தங்கை. துவாயொன்றை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தோம். இப்போது ஒரு தலையணையும் ஒரு துவாயும்தான்.

வலி கைக்கு இறங்கினாலோ விரல்கள் விறைத்தாலோ எண்ணெய் தடவிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உம்மும்மாவின் உயர்ந்த தலையணைகளை மட்டும் நான் தொடவில்லை. தட்டையாகப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். உயர்த்திப் படுக்கச் சொன்னதே வைத்தியர்தான்.