படகுல குட்டீஸ் ஏன் எழுந்து நிக்கிறாங்க? பதில் சீட்டுல இருக்கு!

போன கோடை லீவுல ஒரு மலை ஏரிக்குப் போயிருந்தோம். அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. பெடல் படகுல எனக்கும் அக்காவுக்கும் நடுவுல அவளை உட்கார வெச்சிருந்தோம். அஞ்சு நிமிஷத்துல மூணு தடவை எழுந்தா. மூணு தடவையும் ‘உட்காருடி’ன்னு அதட்டினோம். நாலாவது தடவை, பக்கத்துல போன வாத்தைப் பார்க்க அப்படியே ஓரத்துக்குச் சாய்ஞ்சுட்டா. அக்கா பதறிப்போய் அவ லைஃப் ஜாக்கெட்டைப் பிடிச்சா. பெரியவங்க சைஸ் ஜாக்கெட் அது. மேலே ஏறி முகத்தை மூடிடுச்சு. குழந்தை உள்ளேயிருந்து கீழே நழுவுறா! நான் கவுனைப் பிடிச்சு இழுத்துட்டேன். படகு ஆடின ஆட்டத்துல எங்களுக்கு வியர்த்துடுச்சு.

கரைக்கு வந்ததும் அங்கிருந்த படகுக்கார அண்ணன் திட்டுவார்னு பார்த்தா, ‘சீட்டுல கை வெச்சுப் பாருங்கம்மா’ன்னார். வெச்சேன். வெயில்ல காய்ஞ்ச ஃபைபர் சீட், சுட்டுச்சு. நானும் அக்காவும் ஜீன்ஸ். எங்களுக்குத் தெரியல. அவ போட்டிருந்தது கவுன்.

அன்னைக்குப் புரிஞ்ச விஷயம் இதுதான். படகுல குழந்தை எழுந்து நிற்க முக்கால்வாசி நேரம் காரணம் சேட்டை இல்லை. உட்கார முடியாத சீட். வசதியா உட்கார்ந்த குழந்தைதான் பத்திரமா இருக்கும். அடுத்த லீவுக்கு முட்டுக்காடு, பிச்சாவரம், ஏற்காடுனு அக்கா, அண்ணன் பசங்களைக் கூட்டிட்டுப் போகப்போற சித்திகளே, சித்தப்பாக்களே, இது உங்களுக்குத்தான்.

ஒரு கிண்ணம், ஒரு தைல பாட்டில்

எழுந்து நின்னா என்ன ஆகும்? வீட்டுலேயே பார்த்துடலாம். ஒரு வாளித் தண்ணியில சின்ன கிண்ணத்தை மிதக்க விடுங்க. அதுக்குள்ள ஒரு தைல பாட்டிலைப் படுக்க வைங்க. லேசா தட்டினா கிண்ணம் ஆடிட்டு நின்னுடும். இப்போ அதே பாட்டிலை நிக்க வெச்சுத் தட்டுங்க. சட்டுனு சாயும்.

பாட்டிலோட எடை மாறல. எடை இருக்கிற உயரம்தான் மாறியிருக்கு. எடை எவ்வளவு கீழே இருக்கோ, படகு அவ்வளவு நிதானமா இருக்கும். மேலே போகப் போக, ஓரத்துக்குப் போகப் போக, கவிழுற வாய்ப்பு கூடும். சின்னப் படகுல ஒருத்தர் எழுந்தாலே அந்த வித்தியாசம் தெரியும்.

பெரிய படகும் இதுக்குத் தப்பாது. 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமா நகர்ந்ததும் அதுக்கு ஒரு காரணமா சொல்லப்பட்டது.

சரி, எங்கே உட்கார வைக்கிறது?

ரெண்டே வார்த்தைதான்: கீழே, நடுவுல.

ஒகேனக்கல் பரிசலை யோசிச்சுப் பாருங்க. அதுல சீட்டுன்னு பெருசா எதுவும் இல்லை. எல்லாரும் அடியிலேயே உட்கார்ந்துடுவோம். அவ்வளவு ஆட்டத்திலும் பரிசல் தாங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். துடுப்புப் படகுலேயும் இதே வழிதான். குறுக்குப் பலகையில குழந்தைக்குக் கால் எட்டலைன்னா, அடித்தளத்துல உட்கார வைக்கலாம். இந்தப் பக்கம் ஒரு பெரியவர், அந்தப் பக்கம் ஒரு பெரியவர்.

மோட்டார் படகுன்னா முன்முனைதான் வியூ சூப்பரா இருக்கும்னு குழந்தைகளை அங்கே அனுப்பிடுறோம். ஆனா, அலையில அதிகமா தூக்கிப் போடுறது அந்த இடம்தான். அங்கேயிருந்து விழுந்தா, படகு அவங்க மேலேயே ஏறிப்போகும். அடியில சுத்துற புரொப்பல்லர் எவ்வளவு ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் எஞ்சினை ஒட்டியும் வேண்டாம். சூடும் புகையும் இருக்கும். குலுக்கல் குறைவா இருக்கிறது நடுப்பகுதியும் அதுக்குக் கொஞ்சம் பின்னாலயும்தான்.

கடலோர ஊர்கள்ல மீன்பிடிப் படகை சவாரிக்கு எடுக்கும்போது, உள்ளே பிளாஸ்டிக் சேர் போட்டுத் தருவாங்க. ‘ராஜா மாதிரி உட்காருங்க’ன்னு சொன்னாலும் வேண்டாம். படகோட ஒட்டாத எந்தச் சேரும் ஒரு ஆட்டத்துல வழுக்கிட்டுப் போயிடும், குழந்தையோட.

மடி சீட் இல்லை!

‘என் மடியில இருந்தா பத்திரம்’னு எல்லாருமே நினைக்கிறோம். ஆனா படகு திடீர்னு சாயும்போது, நம்ம கை தானா எதையாவது பிடிக்கப் போகும். அந்த ஒரு நொடியில குழந்தை கையை விட்டுப் போயிடும். இல்லைன்னா நாமளே குழந்தை மேல விழுவோம். தனியா உட்காரத் தெரிஞ்ச குழந்தைக்குத் தனி இடம் கொடுங்க. உங்க கை அவங்களைச் சுத்தி இருக்கட்டும், அது போதும்.

துப்பட்டாவால குழந்தையை சீட்டோட கட்டுறது, கார்ல வைக்கிற பேபி சீட்டைத் தூக்கிட்டு வந்து அதுல பெல்ட் போட்டு வைக்கிறது, இது ரெண்டும் பார்க்கத்தான் பத்திரம். படகு கவிழ்ந்தா குழந்தை மிதந்து மேலே வரணும். கட்டிவெச்சா வர முடியாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் படகோட கட்டாதீங்க.

சீட்டை எப்படி வசதியாக்குறது?

காசு பெருசா செலவில்லை. பையில இதெல்லாம் இருந்தா போதும்.

ஒரு தடிமனான டவல்: தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு சீட்டுல போட்டா சூடு இறங்கும். ஃபைபர் வழுக்கலும் குறையும்.

ஒரு துண்டு யோகா மேட்: அடித்தளத்துல உட்கார வைக்கும்போது கீழே போடுங்க. ஈரத்துல வழுக்காது, குலுக்கலும் குழந்தையோட முதுகுக்குப் போகாது. நாலா மடிச்ச பெட்ஷீட்டை விட இது நல்லது. துணி நனைஞ்சா கனமாகி நகர ஆரம்பிச்சுடும்.

காலுக்கு ஒரு முட்டு: சீட்டுல உட்கார்ந்தா பாதம் தரையில படணும். கால் தொங்கினா குழந்தையால பேலன்ஸ் பண்ண முடியாது, முன்னால சரியும். தொங்குதுன்னா உங்க பேக்பேக்கைப் படுக்க வெச்சு அது மேல பாதத்தை வைக்கச் சொல்லுங்க.

தொப்பி, முழுக்கை சட்டை: வெயில் மேலேயிருந்து மட்டும் வராது, தண்ணியில பட்டும் முகத்துல அடிக்கும்.

இன்னொண்ணு, ‘பார்க்க முடியல’ங்கறதும் எழுந்து நிற்க ஒரு காரணம். கிளம்பும்போதே, ‘ஏதாவது பார்க்கணும்னா சொல்லு, படகைத் திருப்பச் சொல்றேன்’னு டீல் போட்டுக்கோங்க. குழந்தை திரும்ப வேண்டாம், படகு திரும்பட்டும்.

ஜாக்கெட்டும் சீட்டோட பாகம்தான்

எங்க வீட்டுப் பொண்ணுக்கு நடந்தது இதுலதான். பெரியவங்க ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினா சின்னவங்களுக்கு ஆயிடாது. அமெரிக்காவுல குழந்தைகளுக்கான ஜாக்கெட்டை வயசை விட எடையை வெச்சுத்தான் பிரிக்கிறாங்க: சுமார் 14 கிலோ வரைக்கும் ஒண்ணு, 14-ல இருந்து 23 வரைக்கும் ஒண்ணு, 23-ல இருந்து 41 வரைக்கும் ஒண்ணு. அதனால குழந்தையோட எடையைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, ஜாக்கெட்டுல அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க.

அப்புறம் ஒரு டெஸ்ட். எல்லா பக்கிளும் போட்டதும், ஜாக்கெட்டோட ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேலே இழுங்க. அது தாடை, காது வரைக்கும் ஏறினா அந்த ஜாக்கெட் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு ரெண்டு காலுக்கு நடுவுல போற ஸ்ட்ராப் இருக்கிறது நல்லது; ஜாக்கெட் மேலே ஏறாது. நீச்சல் குளத்துல போடுற காத்தடிச்ச டியூப் இதுக்கு மாற்று கிடையாது.

‘எங்ககிட்ட சின்ன சைஸ் இல்லையே’ன்னு சொன்னா? ஏறாதீங்க. கைக்குழந்தைக்குப் பொருந்துற ஜாக்கெட் இல்லைன்னாலும் அதே பதில்தான். டிக்கெட் காசு போனா போகட்டும்.

2024 ஜனவரி 18-ம் தேதி குஜராத்தோட வதோதராவுல, ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா போன பள்ளிக் குழந்தைகளோட படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தாங்க. படகுல அளவுக்கு மேல ஆள் ஏத்தியிருந்தாங்க. பலருக்கு ஜாக்கெட் இல்லை. அதுக்கு முந்தைய வருஷம், 2023 மே 7-ல கேரளாவோட தானூர்ல படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க; அதுல நிறைய பேர் குழந்தைகள். அங்கேயும் படகுல ஆள் அதிகம். எவ்வளவு நல்ல சீட்டா இருந்தாலும், ‘இன்னும் ரெண்டு பேர் ஏறிக்கலாம்’னு சொல்ற படகுல அது உதவாது. குழந்தைகளும் ஆள் கணக்குல சேர்த்திதான். எண்ணிப் பார்த்துட்டு ஏறுங்க.

ஏறும்போதும் இறங்கும்போதும்

முதல்ல ஒரு பெரியவர் ஏறி உட்காரணும். கரையில நிற்கிற இன்னொருத்தர் குழந்தையைக் கைமாத்தணும். குழந்தையோட கால் படகோட நடுவுல படணும், ஓரத்துல இல்லை. இறங்கும்போது படகு முழுசா நின்னு, கயிறு கட்டின பிறகுதான் எழுந்திருக்கணும். கரையை நெருங்கும்போது குட்டி விரல்கள் உள்ளே இருக்கட்டும். படகுக்கும் துறைக்கும் நடுவுல விரல் மாட்டினா நசுங்கிடும்.

ஒருவேளை கவிழ்ந்துட்டா, கரை பக்கத்துல தெரியுதேன்னு நீந்தப் பார்க்காதீங்க. கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே உதவிக்குக் கத்துங்க. குழந்தைக்கும் இதை முன்னாடியே, பயமுறுத்தாம, ஒரு விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுங்க.

அப்புறம், நீங்களும் உட்காருங்க பாஸ்! செல்ஃபிக்கு நாம எழுந்து நின்னா, அடுத்த நொடி குழந்தையும் நிற்கும்.

அன்னைக்கு சாயங்காலமே இன்னொரு ரவுண்டு போனோம். இந்தத் தடவை சின்ன சைஸ் ஜாக்கெட், ஈர டவல், காலுக்குக் கீழே என் பேக். அரை மணி நேரம் ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தா. மறுபடியும் வாத்து வந்துச்சு. எழுந்திருக்கல. ‘சித்தி, படகைத் திருப்பு’ன்னா. திருப்பினோம்.