ஒரு சிறு குறி



ஒருமுறை பள்ளிக் கண்காட்சியில், எங்கள் வகுப்பு மாணவியர் பன்னிருவர் சேர்ந்து பூவேலை செய்த மேசை விரிப்பை வைத்திருந்தோம். அதன்மேல் ஆங்கிலத்தில் “தி கேர்ள்’ஸ் ஒர்க்” என்று அழகாக எழுதி ஓர் அட்டையும் மாட்டினோம். பார்வையிட வந்த ஆசிரியை புன்னகையுடன், “இதைச் செய்த அந்த ஒருத்தி யாரம்மா?” என்று கேட்டார்கள். நாங்கள் விழித்தோம். அட்டையிலிருந்த சிறு குறி ஓர் எழுத்து முன்னே நின்றுவிட்டதால், பன்னிருவர் உழைப்பு ஒருத்தியின் உழைப்பாகிவிட்டது!

ஏன் இப்படித் தவறுகிறோம்? தமிழில் மாணவிகள், மாணவியின், மாணவிகளின் என்பவை மூன்றும் வெவ்வேறு ஓசை உடையவை. பன்மைக்குக் ‘கள்’, உடைமைக்கு ‘இன்’. இரண்டும் வேண்டுமானால் அடுத்தடுத்து வரும். காதே வேறுபாட்டைச் சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ‘கேர்ள்ஸ்’ என்னும் ஒரே ஓசைதான். கண்ணால்தான் பிரித்தறிய வேண்டும். காதை நம்பி எழுதுவதால் நாம் இடறுகிறோம்.

பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் உடைமைப் பொருளில் ‘இ’, ‘எஸ்’ என்னும் இரண்டு எழுத்துகளைப் பெற்றன. காலப்போக்கில் ‘இ’ மறைந்தது. மறைந்த எழுத்தின் இடத்தைக் காட்ட வந்த குறியே அபாஸ்ட்ரஃபி.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உடையவர் ஒருவரா, பலரா என்று முதலில் கேட்போம். அந்தச் சொல்லை முழுவதும் எழுதி முடித்து, அதன்பின் குறியை இடுவோம். ஒருத்தி என்றால் ‘கேர்ள்’ எழுதி, குறியிட்டு, ‘எஸ்’ சேர்க்க வேண்டும். பலர் என்றால் ‘கேர்ள்ஸ்’ எழுதி, குறி மட்டும் போதும். ‘சில்ட்ரன்’ போல ‘எஸ்’ இன்றிப் பன்மையாகும் சொல்லுக்குக் குறியும் ‘எஸ்’ஸும் வேண்டும். உடைமை இல்லாத வெறும் பன்மைக்குக் குறியே வேண்டாம். ‘அதனுடைய’ என்று பொருள்படும் ‘இட்ஸ்’ என்னும் சொல்லுக்கும் குறி கிடையாது. இட்டால் அது ‘இட் இஸ்’ ஆகிவிடும்.

அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்னும் பெண்மணி, மறைந்த தம் தாயின் நினைவாக 1908-ல் தொடங்கிய விழாவை 1914-ல் அந்நாட்டு அரசு ஏற்றது. ‘மதர்’ஸ் டே’ என்பதில் குறி ‘எஸ்’ஸுக்கு முன்னேதான் நிற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தத் தாயைப் போற்ற வேண்டும் என்பதே அவர் எண்ணம். நாமோ தமிழில் ‘அன்னையர் தினம்’ என்று பன்மையில் சொல்கிறோம். நவம்பர் 2-ம் நாள் வரும் ‘ஆல் சோல்ஸ்’ டே’ இறந்த விசுவாசிகள் அனைவருக்கும் உரியது. ஆகவே அங்கே குறி ‘எஸ்’ஸுக்குப் பின்னே நிற்கிறது.

அன்று அட்டையில் குறியை அழித்து, ஓர் எழுத்து தள்ளி இட்டோம். பன்னிருவர் முகமும் மலர்ந்தது. ஆம் தோழியரே, பிறர் பொருளை எடுக்காதிருப்பது மட்டுமன்று, எவருடையது என்பதைச் சரியாக எழுதுவதும் நேர்மையே!