பழைய வரைகலை அட்டை இன்றைய விளையாட்டுக்கு ஏற்குமா?

கணிப்பொறி விளையாட்டில் நாட்டமுள்ள இளைஞர் வாழும் இல்லங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறியில் புதிய விளையாட்டொன்று தடுமாறுகிறது; அல்லது திறக்கவே மறுக்கிறது. 'கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும், அப்பா' என்கிறான் மகன். அதற்கு ஆயிரம் வெள்ளிக்கு மேலும் ஆகக்கூடும் என்று கேட்டதும் தந்தை திகைக்கிறார். மகன் கூற்று மெய்யா, வெறும் ஆசையா என்று அறிய அவருக்கு வழியில்லை.

புதிய அட்டை வாங்குவது கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிய செயலன்று. கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலையில் மோனோரயில் ஏறினால், இம்பி நிலையத்திலிருந்து லோ யாட் பிளாசாவுக்கு நடந்தே செல்லலாம். 1999இல் திறக்கப்பெற்ற அவ்வங்காடி கணிப்பொறிப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. ஆயின், அங்குச் செல்லுமுன் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஐயம் ஒன்றுண்டு. பழைய அட்டை உண்மையிலேயே பயனற்றுப் போயிற்றா என்பதே அது.

அட்டையின் தொழில்

கிராபிக்ஸ் கார்டு எனக் கடைகளில் வழங்கும் வரைகலை அட்டையின் தொழில், திரையில் தோன்றும் படத்தைக் கணக்கிட்டு வரைவதாகும். வீடுகளில் பெரிதும் காணப்படும் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 2,073,600 புள்ளிகள். விளையாட்டு தடையின்றி ஓட நொடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியாயின், ஒரு படத்தை வரைய அட்டைக்குக் கிடைப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே. அந்தச் சிறு பொழுதில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒளியும் நிழலும் கணக்கிடப்பட வேண்டும். இவ்வேலையைப் பல்லாயிரம் சிறு கூறுகளாக்கி ஒரே வேளையில் செய்வதற்கென்றே அட்டை அமைக்கப்பட்டுள்ளது.

சான்றாக, என்விடியா நிறுவனம் 2016 ஜூலையில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1060 என்னும் அட்டையைக் கொள்ளலாம். அதில் 1,280 கணக்கிடும் கூறுகளும் 6 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் பல்லாண்டுகள் முதலிடம் பெற்றிருந்த அட்டை இது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அவ்விடத்தை இழந்தது. எனவே, இதற்குரிய விடை பலருக்கும் பயன்படும்.

இருவகை முதுமை

வரைகலை அட்டைக்கு நேரும் முதுமை இருவகைப்படும். ஒன்று தளர்ச்சி, மற்றொன்று விலக்கு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே வீண் செலவுக்குக் காரணமாகிறது.

தளர்ச்சியாவது, வேலை தெரிந்தும் விரைந்து செய்ய இயலாமை. நொடிக்கு 60 படம் வரைய வேண்டிய அட்டை 30 படமே வரைகிறது. இதற்கு மருந்து உண்டு. நிழலின் நுட்பத்தைக் குறைக்கலாம். திரைப்புள்ளிகளை 1,280க்கு 720 எனக் குறைத்தால் மொத்தம் 921,600 ஆகும். வேலை பாதிக்கும் கீழாக இறங்கிவிடும். குறைந்த புள்ளிகளில் வரைந்து பின்னர்ப் பெரிதாக்கிக் காட்டும் முறைகளும் இன்று வந்துள்ளன. ஏஎம்டி நிறுவனம் 2021இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்னும் முறை, அதனை ஏற்றுள்ள விளையாட்டுகளில் பிற நிறுவனத்தாரின் பழைய அட்டைகளுக்கும் உதவுகிறது. படம் சிறிது மங்கும், விளையாட்டு நிற்காது.

விலக்காவது, அந்த வேலையே அட்டைக்குத் தெரியாமை. ஒளிக்கதிர் எங்குப் பட்டு எங்குத் தெறிக்கிறது என்பதைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறையை 'ரே டிரேசிங்' என்பர். இதற்கெனத் தனி உறுப்புகள் என்விடியாவின் வீட்டுப் பயன் அட்டைகளில் 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலேதான் முதலில் இடம்பெற்றன. 2024 டிசம்பரில் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதத்தில் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகியவை இவ்வுறுப்புகள் கட்டாயம் வேண்டும் என்று விதிக்கின்றன. 1060 அட்டையில் அவை இல்லை. எத்துணை நுட்பத்தைக் குறைத்தாலும் இக்குறை நீங்காது.

இந்த வேறுபாடு தமிழாசிரியர்க்குப் புதியதன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1980களிலேயே தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியது. கோலாலம்பூரில் 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்திலும், தமிழ் எழுத்துகளுக்குப் பல குறியேற்ற முறைகள் வழங்கிவந்தன. பின்னர் யுனிகோடு பொது முறையாயிற்று. அன்று பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பாடக்குறிப்பு, இன்று அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகிறது. குறிப்பு தேய்ந்துவிடவில்லை, உடன்பாடு மாறிவிட்டது. வரைகலை அட்டைக்கு நேரும் விலக்கும் இத்தகையதே.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு. 2023 அக்டோபரில் வந்த 'ஆலன் வேக் 2' புதியதொரு வரைமுறையை எதிர்பார்த்தமையால் 1060 போன்ற அட்டைகளில் மிகவும் தடுமாறியது. 2024 மார்ச்சில் செய்த திருத்தத்திற்குப் பின் நிலைமை ஓரளவு சீர்பட்டது. எனவே, ஒரு விளையாட்டு வெளிவந்த நாளிலேயே அட்டையைத் தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

நினைவகமும் இயக்கியும்

அட்டையின் நினைவகம் மேசையைப் போன்றது. வேண்டிய ஏடுகள் மேசைமேல் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். இடம் போதாமல் ஒவ்வோர் ஏட்டிற்கும் பக்கத்து அறைக்கு எழுந்து சென்றால் வேலை முடங்கும். 1060 அட்டை தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 192 ஜிகாபைட் எடுக்கவல்லது. 6 ஜிகாபைட் நிரம்பியபின், தாய்ப்பலகையின் வழியே கணிப்பொறியின் பொது நினைவகத்தை நாட வேண்டும்; அவ்வழியில் வருவது நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட்டே. பன்னிரண்டில் ஒரு பங்காக வேகம் குறைவதால்தான் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென விக்கி நிற்கிறது. அந்நிலையில் முதலில் குறைக்க வேண்டியது மேற்பரப்புப் படங்களின் நுட்பத்தையே.

நிற்க. அட்டைக்கும் கணிப்பொறிக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளை 'டிரைவர்', அதாவது இயக்கி என்பர். 1060 உள்ளிட்ட பாஸ்கல் வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கித் திருத்தங்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என அறிவித்துள்ளது. ஆகவே அட்டை இன்றே நின்றுவிடாது; ஆயின் இனி வரும் விளையாட்டுகளில் பிழை தோன்றினால் திருத்தம் கிடைப்பது அரிது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு 1060 அட்டை தடையன்று. அவ்வாண்டுகளில் வாங்கிய கணிப்பொறியின் செயலியே பெரும்பாலும் தடையாகும். இதனை அறியாது அட்டையை மட்டும் மாற்றுவோர், மறு ஆண்டே முழுக் கணிப்பொறியையும் மாற்ற நேரிடலாம்.

வெப்பமும் கைமாறிய அட்டையும்

அட்டையின் சூடு, அறையின் சூட்டின்மேல் ஏறி நிற்பது. 20 பாகை அறையில் 70 பாகை காட்டும் அட்டை, 32 பாகை நிலவும் கோலாலம்பூர்ப் பிற்பகலில் 80 பாகையைக் கடக்கும். சூடு மிகுந்தால் அட்டை தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசு அடைந்த விசிறியும், உள்ளே உலர்ந்துபோன வெப்பக் களிம்பும் இதனை மிகுவிக்கும். முதுமை என்று கருதப்படுவது பல வேளைகளில் அழுக்கே. தூசு நீக்கிக் களிம்பு மாற்றும் சிறு செலவைச் செய்து பார்த்தபின் பெருஞ்செலவை எண்ணுவதே முறை.

கைமாறிய அட்டை வாங்குவோர்க்கு மேலும் விழிப்பு வேண்டும். எத்தீரியம் என்னும் மின்னாணயத்தை 2022 செப்டம்பர் வரை வரைகலை அட்டைகளைக் கொண்டே ஈட்டினர். அம்முறை நின்றதும், இரவுபகல் ஓடிய அட்டைகள் பல விற்பனைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்னும் பெயரிலேயே 2,304 கூறுகள் உள்ள அட்டையும் 2,048 கூறுகள் மட்டும் உள்ள அட்டையும் உண்டு. பழைய அட்டையின் உள்குறிப்பைத் திருத்திப் புதியது போல் விற்கும் மோசடியும் உலகில் நடந்துள்ளது. ஆகவே, பணம் கொடுக்குமுன் 'ஜிபியு-இசட்' என்னும் இலவசக் கருவியால் சோதித்து, அரை மணி நேரமாவது விளையாட்டை ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

முடிபு

இவற்றால் பெறப்படும் முடிவு யாது? விளையாடுபவர் எதனை விளையாடுகிறார் என்பதே முதல் வினா. 2013இல் வந்த 'டோட்டா 2', 2020இல் வந்த 'வாலரண்ட்', 2023இல் வந்த 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' ஆகியவை எளிய கணிப்பொறிகளையும் கருதி அமைந்தவை. 2018இல் புக்கிட் ஜாலில் அரங்கில் 'கோலாலம்பூர் மேஜர்' என்னும் பன்னாட்டுப் போட்டி நடந்தது இந்த டோட்டாவிற்கே. இத்தகைய விளையாட்டில் ஈடுபடும் மாணவனுக்கு 1060 அட்டை இன்றும் போதும்.

பெரிய கதை விளையாட்டுகளைப் பொறுத்தவரை, அட்டைக்கு நேர்ந்தது தளர்ச்சியாயின் நுட்பத்தைக் குறைத்து மேலும் சில காலம் ஓட்டலாம். விலக்காயின் மாற்றுவதன்றி வேறு வழியில்லை. எது நேர்ந்தது என்பதை, விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில் குறிக்கப்பெற்ற குறைந்த அளவுத் தேவையைப் படித்தே அறியலாம். ஒரே ஒரு விளையாட்டிற்காக மாற்றுவதா என்பது அவ்வக் குடும்பத்தின் வருவாயைப் பொறுத்தது.

மாற்ற நேர்ந்தாலும் பழைய அட்டையைக் குப்பையில் எறிதல் தகாது. மின்னணுக் கழிவை மலேசியச் சட்டம் 2005 முதலே தனி வகையாகப் பட்டியலிட்டுள்ளது. தளர்ந்த அட்டையும் எளிய விளையாட்டை விரும்பும் தம்பிக்கோ தங்கைக்கோ சில ஆண்டுகள் பயன்படும்.

'கார்டு பழையது' என்று மகன் சொல்லும்போது, 'அதற்கு வேகம் இல்லையா, வழி தெரியவில்லையா?' என்று தந்தை கேட்கட்டும். அவ்வொரு வினாவிற்கு மகன் தேடிக் கொணரும் விடையே, லோ யாட்டுக்குப் போவதா, தூசு துடைப்பதா என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.