நர்ஸிங் சேருமுன் வார்டைப் பாருங்கள்

கட்டபெட்டில் பஸ் ஏறினால் ஒரு பக்கம் கோத்தகிரி, மறுபக்கம் ஊட்டி. இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. நர்ஸிங் சேர நினைக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் பலரும் அங்கே நோயாளியாகவோ துணையாகவோதான் போயிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்ஸிங் இடம் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவில் சில நர்ஸிங் பள்ளிகள் உதவியாளர் பயிற்சிச் சான்றிதழ் கேட்பதுண்டு. இங்கே முன் அனுபவத்தை யாரும் கேட்பதில்லை. நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு வேலை பிடிக்காமல் நான்கு வருடப் படிப்பைப் பாதியில் விட்டால் பணமும் போச்சு, வருடமும் போச்சு.

இதே நீலகிரியில் வேலை முன்னும் படிப்பு பின்னுமாக நடந்த கதை ஒன்று உண்டு. கூடலூரில் இயங்கும் அஸ்வினி என்ற சுகாதாரத் தொண்டு அமைப்பு, பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசி மக்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கியது. கர்ப்பிணிகளைக் கவனிப்பது, குழந்தைகளை எடை போடுவது, தடுப்பூசிக்குச் சம்மதிக்க வைப்பது என்று ஊருக்குள்ளேயே வேலை. 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அதிகம் பள்ளி போகாத ஆதிவாசிப் பெண்கள் அங்கேயே பழகி நர்ஸ் வேலைக்குத் தேறினார்கள். ஆஸ்பத்திரி என்றாலே ஒதுங்கிய மக்கள், தங்கள் பேச்சிலேயே பேசும் பெண்ணைப் பார்த்து உள்ளே வந்தார்கள்.

இன்று அப்படியே செய்ய முடியாது. பதிவு பெறாதவர் நர்ஸாக வேலை பார்க்கக் கூடாது. ஆனால் மார்ச்சில் பரீட்சை முடிந்து கவுன்சலிங் வரும்வரை மாதக்கணக்கில் நேரம் கிடக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வீடுவீடாகக் கூடப் போகலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் பார்ப்பதைக் கவனிக்கலாம். தொண்டு மருத்துவமனை என்றால் தலைமை நர்ஸின் அனுமதி வேண்டும். சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது, கைத்தாங்கலாக நடத்துவது போதும். ஊசியைத் தொடவே கூடாது.

‘பாட்டியை நான்தானே பார்த்துக்கொண்டேன்’ என்று சிலர் சொல்வார்கள். நல்ல அனுபவம்தான், ஆனால் சொந்தப் பாட்டியிடம் அருவருப்பு வராது. முன்பின் தெரியாதவரின் வாந்தி, உறவினர்களின் ஏச்சு, குளிரில் நைட் டியூட்டி, கண்ணெதிரே ஒரு சாவு: இவற்றுக்குப் பிறகும் மறுநாள் போகத் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. தோன்றாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லேப், பார்மசி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

அனுபவம் தருகிறோம் என்று ‘ஆறு மாத நர்ஸிங்’ போர்டு வைத்திருக்கும் இடங்களில் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். படிப்பே இரண்டு வருடம். இந்திய நர்ஸிங் கவுன்சில், தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.